தொள்ளாயிரத்தில் நின்ற முள்

திருவொற்றியூர் ஸ்டான்டன் கேஸ் ஒர்க்ஸில் 1961 முதல் வேலை பார்த்த அடைக்கலமேரியின் பெயர், 1972 பிப்ரவரி வரை அந்தக் கம்பெனியின் எந்த ஏட்டிலும் இல்லை. காலை ஏழரைக்கு வாசலில் நிற்கும் காவலாளி தலைகளை எண்ணி, "பொம்பளைங்க ஒம்பது" என்று உள்ளே குரல் கொடுப்பார். பதினோரு வருடமாக அடைக்கலமேரியைப் பற்றிய பதிவு அவ்வளவுதான். ஒப்பந்தக்காரர் ஒன்பது பேரைக் கொண்டுவந்து விட்டார், ஒன்பது பேர் வேலை செய்தார்கள், அவர்களில் யார் யார் என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஒன்பது பேர் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைகளிலிருந்து திரும்பி வரும் காலி சிலிண்டர்களைச் சுரண்டுவார்கள். துருவை எடுத்துவிட்டுச் செங்காவிப் பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் நீலப் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். நீலம் என்றால் சிரிப்பு வாயு. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கவும் பல் பிடுங்கவும் பயன்படுகிற நைட்ரஸ் ஆக்சைடு. பிறகு அதை நிரப்ப வேண்டும். சட்டப்படி நிரப்புகிறவர் ஆபரேட்டர் என்ற நிரந்தரத் தொழிலாளி. நடைமுறையில் ஆபரேட்டர் வால்வைத் திறந்துவிட்டு பீடி பிடிக்க வெளியே போய்விடுவார். தராசின் அருகே நின்று எடையைப் பார்த்து, சரியான கிராமில் வால்வை மூடி, சிலிண்டரின் தோளில் சாக்கட்டியால் எடை எழுதுவது அடைக்கலமேரி. கையெழுத்து மட்டும் ஆபரேட்டருடையது.

ராயபுரத்தில் கோயில் பள்ளியில் நாலாவது வரை படித்தவர் அவர். கணவர் லூர்து துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். நிரப்பும் கொட்டகைச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு அட்டவணை தொங்கியது. இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் அழுத்தம். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. ஆனால் சுவரில் தொங்குகிறது என்பதற்காக அதை அவர் நம்பிவிடவில்லை. ஒரு வருடம் முழுக்க, காலையிலும் நடுப்பகலிலும் கொட்டகையின் தெர்மாமீட்டரையும் சிலிண்டரின் அழுத்தமானி முள்ளையும் பார்த்து, அட்டவணையின் கீழே சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தார். இருபத்தைந்து டிகிரியில் எண்ணூறு பவுண்டு அழுத்தம். முப்பதில் தொள்ளாயிரம். சித்திரை வெயிலில் ஆயிரத்தைத் தாண்டியது. அட்டவணை சொன்னது சரிதான் என்று வருடக் கடைசியில் ஒப்புக்கொண்டார். வேதத்தையே சோதிக்காமல் தலையில் வைத்துக்கொள்ளும் பட்டதாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாலாவது படித்த இந்தப் பெண் ஒரு காகிதத்தை நம்ப ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்.

அதில் அவர் கண்டுகொண்டது ஒன்று உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரில் முள் பாதி இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். சிரிப்பு வாயு அப்படியல்ல. சிலிண்டருக்குள் அது பெரும்பகுதி திரவம், மேலே கொஞ்சம் ஆவி. திரவம் கொஞ்சமேனும் மிச்சம் இருக்கிற வரை முள் அதன் சூட்டைத்தான் காட்டும். புதிதாக வந்த கெங்கம்மாவுக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுத்த விதம் கொட்டகையில் நிலைத்துவிட்டது. "முள்ளு ஜொரம் பாக்கற கண்ணாடி மாதிரிடி. வவுறு ரொம்பிகீதா காலியாகீதான்னு அதுக்கு இன்னா தெரியும்? தராசைக் கேளு."

1972 ஜனவரியில் சிவந்தி என்ற இளைஞர் மானேஜரைத் தேடி வந்தார். பாரிமுனையில் இரும்பு மொத்த வியாபாரம் செய்யும், இந்தக் கம்பெனியில் வெல்டிங் வாயு வாங்கும் தெற்கத்திக் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வருடாவருடம் நடக்கும் கார் பந்தயத்தில் ஃபியட் ஒன்றை ஓட்டுவார். போர் விமானங்களின் என்ஜினுக்குள் சிரிப்பு வாயுவைச் செலுத்தி வேகத்தை ஏற்றினார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தார். அது சரியான செய்திதான். சூட்டில் அந்த வாயு பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலைக் கூடுதலாக எரிக்கலாம். என்ஜின் சில நொடிகளுக்கு வேறு என்ஜினாகிவிடும்.

மானேஜர் தேசப்பன் பல் மருத்துவத்துக்கான சின்ன சிலிண்டர்களில் இரண்டைக் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கிலோ. அதே மாதம் ஆஸ்பத்திரி லாரி ஒன்று, கேட்ட எண்ணிக்கை இல்லாமல் பாதிச் சுமையோடு கம்பெனி வாசலிலிருந்து திரும்பியது. பெரிய வாடிக்கையாளரின் மகனுக்கு மட்டும் பற்றாக்குறை என்ற சொல்லே கிடையாது.

அந்த இரண்டையும் வாங்கிப்போக வந்தவர் சிவந்தியின் மெக்கானிக் ஜெயவேல், புளியந்தோப்புக்காரர். அடைக்கலமேரி எடையைக் காட்டி, சாக்கட்டி எண்ணைக் காட்டி, வால்வு வாயில் முள் மானியை மாட்டிக் கொடுத்தார். பிறகு கேட்காமலே சில விஷயங்களைச் சொன்னார். வண்டி என்ஜினுக்குப் போகும் துளை ஒரே அளவு. அழுத்தம் ஏறினால் வாயு அதிகமாகப் பாயும், இறங்கினால் குறைவாகப் பாயும். பெட்ரோல் மட்டும் மாறாமல் போய்க்கொண்டிருந்தால் கணக்கு கெடும், என்ஜின் திணறும். ஆகவே தொள்ளாயிரம் என்று வைத்தால் எப்போதும் தொள்ளாயிரம் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் ஏறும், அதற்கு ஈரக் கோணி. வாயுவை எடுக்க எடுக்கச் சிலிண்டர் சில்லிட்டு முள் இறங்கும், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி. நெருப்பு மட்டும் ஒருபோதும் கூடாது.

ஜெயவேல் சிரித்தார். "யக்கா, நான் பதினாறு வருசமா என்ஜினு பாத்துகினு கீறேன். நீ பெயின்ட் அடிக்கற வேலயப் பாரு."

"பாக்கறேன் நைனா. நீ கைய பத்திரமா பாத்துக்கோ" என்றார் இவர்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை சோழவரத்தில் ஒத்திகை ஓட்டம். அதில் அந்தச் சிலிண்டர்களில் ஒன்று வெடித்துத் திறந்தது. சிலிண்டரே சிதறவில்லை. வால்வின் பக்கத்தில் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் மெல்லிய செப்புத் தகடு கிழிந்து, உள்ளே இருந்த வாயு முழுவதும் ஊளையிட்டுக்கொண்டு வெளியேறியது. அந்தக் குளிர்ந்த வீச்சில் ஜெயவேலின் வலது கை வெள்ளையாக வெந்துபோனது. குளிரிலும் தோல் வேகும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

திங்கட்கிழமை தேசப்பன் அடைக்கலமேரியைத் தன் அறைக்கு அழைத்தார். சிவந்தி வீட்டிலிருந்து புகார் வந்துவிட்டது, சிலிண்டரில் அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள் என்று. கேட்பதற்குப் பொருத்தமான குற்றச்சாட்டுதான். திரவம் சூட்டில் விரியும். விரிய இடம் விடாமல் நிரப்பினால் சாதாரண வெயிலுக்கே தகடு கிழிந்துவிடும். ஆபரேட்டரைக் கேட்டபோது, எடை பார்த்தது அந்த அம்மாதான் என்று அவர் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்குக் கடிதமும் போய்விட்டது: ஒப்பந்தப் பெண்களின் கவனக்குறைவு, அடுத்த திங்கள் முதல் ஒன்பது பேரும் நிறுத்தம்.

தான் எழுதிய எடை சரி என்று அடைக்கலமேரி சொன்னார். காலியாகிவிட்ட சிலிண்டரை வைத்துக்கொண்டு இப்போது எதை நிரூபிக்க முடியும் என்று தேசப்பன் கேட்டார்.

"அந்த பாட்டில எடுத்தாரச் சொல்லு சார். நான் பாக்கணும்."

"பார்த்து?"

"பாத்துட்டு சொல்றேன்."

வெளியே வந்து யூனியன் அறைக்குப் போனார். யூனியன்காரர்கள் நல்லவர்கள், உட்காரச் சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள். ஆனால் கம்பெனி மஸ்டர் ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் சங்கம் பேச முடியும் என்றார்கள். பெயர் இல்லாததால் வேலை போகிறது. வேலையைக் காப்பாற்றப் பேச வேண்டுமானால் பெயர் வேண்டும். இந்த வட்டத்தைக் கட்டியவனுக்கு நல்ல மூளை. எவ்வளவு தூரம் சுற்றினாலும் ஏழை வெளியேதான் நிற்பார்.

ஒன்பது குடும்பங்களின் பிழைப்பு இப்படி ஒரு காலி சிலிண்டரில் வந்து நின்றது. கெங்கம்மாவின் புருஷன் நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தான். மற்ற எழுவர் வீட்டிலும் இதைப்போல் ஏதாவது ஒன்று. அடைக்கலமேரிக்கு இன்னொன்றும் இருந்தது. பதினோரு வருடத்தில் அவர் எழுதிய ஒரு எடையும் தவறியதில்லை. அதை ஒருவர் தவறு என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க லூர்து வீட்டில் அவரைச் சமாதானம் செய்தபடி இருந்தாராம், போனால் போகட்டும், மீன் கூடை தூக்கலாம் என்று. "தூக்கலாம். தப்பு பண்ணவன்னு பேர் வாங்கிகினு தூக்க மாட்டேன்" என்று பதில் வந்தது.

புதன்கிழமை சிவந்தி தன் காரிலேயே வந்தார். கட்டுப் போட்ட கையோடு ஜெயவேலும் வந்தார். வெடித்த சிலிண்டரை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தார்கள். பளபளவென்று, கடையிலிருந்து வந்ததுபோல் நீலமாக இருந்தது. ஒன்பது பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

அடைக்கலமேரி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கெங்கம்மாவும் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அடித்த பெயின்ட் இல்லை அது. அவர்கள் பூச்சு தூரிகையை மேலிருந்து கீழாக இழுத்தது. இது குறுக்கே இழுத்தது. சாக்கட்டி எடையும் காணோம்.

"பெயின்ட் யாரு அடிச்சது?" என்று கேட்டார்.

கீறல் விழுந்திருந்தது, மரியாதைக்காக அடித்துக் கொடுத்தோம் என்று சிவந்தி சொன்னார். கார்க்காரர்களுக்குப் பழக்கமான மரியாதை. அடி வாங்கிய எதையும் பூசிப் புதிதாக்கித் திருப்பித் தருவார்கள். அந்தப் பழக்கம்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இரும்பைச் சுரண்டியே வருடக்கணக்காகப் பிழைத்த ஒன்பது பேரிடம் புதுப் பூச்சோடு ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து வைக்கலாமா?

அடைக்கலமேரி இடுப்பிலிருந்த சுரண்டியை எடுத்து, குந்தி உட்கார்ந்து, சிலிண்டரின் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலம் சுரண்டினார். புதிய நீலம் உரிந்தது. அடியில் பழைய நீலம், அதற்கடியில் செங்காவி, அதற்கடியில் இரும்பு. இவர்கள் வேலை, ஒரு குறையும் இல்லை. பிறகு சிலிண்டரை உருட்டி மறுபக்கத்தைச் சுரண்டினார். புதிய நீலத்தின் அடியில் பழைய நீலமே இல்லை. கருகிப்போன கொப்புளங்கள் பொருக்குப் பொருக்காக வந்தன. செங்காவி கூடத் தீய்ந்து கறுத்திருந்தது. ஊது விளக்கின் தீநாக்கு பட்ட இடம் ஒரு முழம் நீளத்துக்குத் தெரிந்தது.

கருகிய பொருக்கைக் கையில் எடுத்துத் தேசப்பனிடம் நீட்டினார். "வெயிலு இப்டி சுடாது சார்."

ஜெயவேல்தான் வாய் திறந்தார். இந்த மனிதரை அதற்காக நான் மதிக்கிறேன். "நான்தான் யக்கா. காலைல குளுரு. மொத ஓட்டத்துலயே முள்ளு எழுநூத்துச் சொச்சத்துக்கு எறங்கிப்போச்சு. வண்டி இஸ்க்கவே இல்ல. சின்ன மொதலாளி சத்தம் போட்டாரு. ஊது வெளக்கு கைல இருந்திச்சு, காட்டிட்டேன்."

நியாயம் உள்ள இடமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். தேசப்பன் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் அவரைக் கடித்துக்கொண்டிருந்தது. தப்பாக எழுதிவிட்டேன் என்று இன்னொரு கடிதம் எழுதுவதைவிட ஒன்பது பெண்களை வெளியே அனுப்புவது அவருக்கு எளிதாக இருந்தது. நெருப்பு காட்டியது தவறுதான், ஆனாலும் அதிகம் நிரப்பவில்லை என்பதற்கு இது சாட்சியாகாதே என்று இழுத்தார். சிவந்தி அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஒரே ஓட்டத்தில் முள் இறங்கும் என்றால் இந்த வாயுவே பந்தயத்துக்கு உதவாது, உதவாததைக் கம்பெனி எதற்குக் கொடுத்தது என்று கேட்டார்.

"உதவும்" என்றார் அடைக்கலமேரி. "முள்ள நெருப்பு இல்லாம நிறுத்தலாம்."

"யாரு நிறுத்துவா?"

"நான்."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சிவந்திக்கு வெற்றி வேண்டும். தேசப்பனுக்கு ஒரு தீர்ப்பு வேண்டும், அது யாருடைய தோளில் விழுந்தாலும் சரி. இருவருமாக நிபந்தனை வைத்தார்கள். இரண்டாவது சிலிண்டரை அந்த அம்மாளே கவனித்துக்கொள்ள வேண்டும். இரண்டிரண்டு கார்களாக ஓடித் தோற்றவர் விலகும் பந்தயம், இறுதிவரை போனால் நான்கு ஓட்டம். ஒவ்வொரு தடவையும் வண்டி கோட்டில் நிற்கும்போது முள் தொள்ளாயிரத்தில் இருக்க வேண்டும், ஓட்டம் முடியும்போது எண்ணூறுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. தவறினால் ஒன்பது பேரும் போக வேண்டியதுதான்.

செய்யாத குற்றத்திலிருந்து விடுபட்ட ஒருவர் மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்பது எந்த ஊர் நீதி என்று நான் அவரிடம் பிற்பாடு கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கவில்லை. அந்த முற்றத்தில் அவர் யோசித்தது வேறு. அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். முள் நின்றால், ஒன்பது பேரின் பெயரும் கம்பெனி மஸ்டர் ரோலில் ஏற வேண்டும். இப்போதே காகிதத்தில் எழுத வேண்டும். தேசப்பன் முகம் மாறியது. வியாபாரக் குடும்பத்துச் சிவந்திக்கு மட்டும் அது பிடித்துப்போனது. "எழுதும் சார், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்" என்றார். எழுதப்பட்டது.

முதல் காரியமாக, இன்னும் திறக்காமல் சிவந்தியின் காரில் இருந்த இரண்டாவது சிலிண்டரை எல்லார் முன்னிலும் எடை போட்டார்கள். ஒன்றரைக் கிலோ, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. தோளில் இருந்த சாக்கட்டி எண்ணும் அதையே சொன்னது.

ஞாயிறு காலை கம்பெனி லாரியில் அடைக்கலமேரி, கெங்கம்மா, லூர்து மூவரும் சோழவரத்தில் இறங்கினார்கள். ஒரு தகரத் தொட்டி, இரண்டு கோணி, கொட்டகைத் தெர்மாமீட்டர், சின்னத் தராசு. இவ்வளவுதான் அவர்கள் ஆயுதம். லூர்து தன் பங்குக்கு வேளாங்கண்ணி மாதா சுரூபப் பதக்கத்தைச் சிலிண்டர் கழுத்தில் கட்டினார். அடைக்கலமேரி அவிழ்த்து அவர் சட்டைப் பையிலேயே போட்டார். "மாதாவுக்கு ஆயிரம் வேல கீது. இத நான் பாத்துக்கறேன்." சிவந்தி வீட்டார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத் தட்டோடு காரைச் சுற்ற வந்தார்கள். பழத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், தீயை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள் என்று சொல்லி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். பூசை செய்ய வந்த பெரியவர் முறைத்தார். இரண்டு மதங்களின் பாதுகாப்பையும் ஒரே காலையில் ஒருவர் சமமாக மறுத்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

எட்டு மணிக்கு முள் எண்ணூறில் இருந்தது. தேநீர்க் கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, தெர்மாமீட்டர் முப்பத்தைந்தைக் காட்டிய பிறகு சிலிண்டரைத் தொட்டியில் இறக்கினார். முள் மெதுவாக ஏறியது. எண்ணூற்று எண்பதில் வெளியே எடுத்துத் துடைத்தார். இரும்பில் தங்கிய சூடு உள்ளே போய் மீதி இருபதை ஏற்றும் என்பது அவருக்குத் தெரியும். ஏற்றியது.

தேசப்பன் குடை நிழலில் நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். முதல் ஓட்டம்: கோட்டில் தொள்ளாயிரம், முடிவில் எண்ணூற்று ஐம்பது. ஃபியட் ஜெயித்தது. சிலிண்டரைக் கழற்றி எடை போட்டார் அடைக்கலமேரி. இருநூற்றைம்பது கிராம் போயிருந்தது. மறுபடி தொட்டி, மறுபடி துணி. இரண்டாவது ஓட்டத்திலும் அதே முள், அதே எடை. ஜெயித்தது. பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக்குகள் வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர், "இன்னா யக்கா, பாட்டிலுக்கு எண்ணெ தேச்சு குளிப்பாட்டற?" என்றார். "ஆமா நைனா, ஓட வேண்டிய புள்ளையாச்சே" என்றார் இவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது ஓட்டம் பகல் ஒரு மணிக்கு. வண்டி கோட்டுக்குப் போன பிறகு, முன்னால் போன கார் ஒன்று ஓடுதளத்திலேயே நின்றுவிட்டது. அதை இழுத்துப்போக நேரமானது. மூடிய காருக்குள் வெயில் ஏறியது. தூரத்திலிருந்து பார்த்தே என்ன நடக்கும் என்று அடைக்கலமேரிக்குத் தெரிந்துவிட்டது. ஈரக் கோணியோடு ஓடினார். கயிற்றுக்கு அப்பால் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று தொப்பி போட்ட ஒருவர் மறித்தார். காரணம் கேட்டதற்கு, விதி என்றார். காரணம் இல்லாத எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் பெயர் அது.

ஜெயவேல் வந்து கோணியை இடது கையால் வாங்கிக்கொண்டார். "சொல்லு யக்கா, இன்னா பண்ணணும்?"

"சுத்தி கட்டு. கதவ ரெண்டையும் தொற. விசிறிகினே இரு. தொள்ளாயிரம் வந்ததும் எடுத்துடு, அதுக்குமேல குளுர வுடாத."

ஜெயவேல் போய்ச் சேர்ந்தபோது முள் தொள்ளாயிரத்து அறுபது. செய்தித்தாளால் விசிறினார். ஈரம் ஆவியாக ஆவியாக முள் இறங்கியது. தேசப்பன் வந்து பார்த்து எழுதும்போது அது தொள்ளாயிரத்தில் நின்றது. கொடி விழுந்தது. சிவந்திக்கு உற்சாகம் தாளவில்லை. தேவையான தூரத்தையும் தாண்டி வாயு பாய்ச்சும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். ஜெயித்தார், ஆனால் முள் எண்ணூற்றுப் பத்து.

அடைக்கலமேரி ஒரு முறைக்கு இரண்டு முறை எடை போட்டார். ஒரே ஓட்டத்தில் நானூறு கிராம். இப்போது மிச்சம் அறுநூறு. அதில் ஐந்நூறு வெறும் ஆவியாக நிற்பது, திரவம் நூறு கிராம்தான். வழக்கம்போல் அழுத்தினால் பாதி ஓட்டத்திலேயே திரவம் தீரும். தீர்ந்த நொடியில் முள் சரசரவென்று விழும். எண்ணூறாவது, எழுநூறாவது. ஒன்பது பெண்களின் பெயர் அந்த நூறு கிராமில் இருந்தது.

தொட்டியில் இறக்கித் தொள்ளாயிரத்துக்குக் கொண்டுவந்து, சிவந்தியை அழைத்தார். பாதி தூரம் தாண்டும்வரை பொத்தானைத் தொடக் கூடாது என்றார்.

சிவந்தி முள்ளைக் காட்டினார். "தொள்ளாயிரம் நிக்குதே, பிறகென்ன?"

"நிக்கும் நைனா. உள்ள ஒரு கரண்டி மிச்சம் இருந்தாக்கூட நிக்கும். அது சூட்டத்தான் சொல்லும். தராச பாரு."

"எதிர்ல நிக்கறது பெரிய வண்டி. ஆரம்பத்துலயே விட்டுட்டா பிடிக்க முடியாது."

"ஆரம்பத்துல அமுக்கினா நடுவுல தீந்துபூடும். அப்பால பெட்ரோல் மட்டும் கொட்டும், வண்டி இருமிகினே நின்னுடும். கடைசில அமுக்கினா அந்தக் கடைசி தூரமாவது உன்னுது."

சிவந்தி தராசைக் குனிந்து பார்த்தார். காலிச் சிலிண்டரின் எடை கழுத்தில் பொறித்திருந்தது. அதைத் தானே கழித்துப் பார்த்தார். இரும்பை எடை போட்டு விற்ற வீட்டில் பிறந்தவர். "சரி. தராசு சொன்னா சரிதான்" என்று ஏறி உட்கார்ந்தார்.

நான்காவது ஓட்டத்தை அடைக்கலமேரி பார்க்கவில்லை. ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியின் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். கெங்கம்மா பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெரிய கார் இரண்டு வண்டி நீளம் முன்னே போனது. பாதித் தூரத்துக் கொடியைத் தாண்டியதும் ஃபியட்டின் சத்தம் மாறியது. எதிரியை நெருங்கி, நெருங்கி, சக்கரம் சக்கரமாகப் போய், மூக்களவில் இரண்டாவதாக முடித்தது.

தேசப்பன் நடந்து போய் முள்ளைக் குனிந்து பார்த்தார். அவருக்கு முன்பே ஜெயவேல் பார்த்துவிட்டு, கயிற்றுக்கு இப்பால் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எண்ணூத்தி முப்பது யக்கா."

சிவந்திக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தம் கிடையாது. அடைக்கலமேரிக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. நான்கு தடவை தொள்ளாயிரம், நான்கு தடவை எண்ணூறுக்கு மேல். தேசப்பனின் சொந்தக் கையெழுத்தில் எட்டு எண்கள் அந்த நோட்டில் இருந்தன.

திங்கட்கிழமை காலை ஒன்பது பேரும் அலுவலகத் தாழ்வாரத்தில் நின்றார்கள். குமாஸ்தா மஸ்டர் ரோலைத் திறந்து அடைக்கலமேரியின் பெயரை மட்டும் எழுதப் போனார். மானேஜர் இப்போதைக்கு ஒருவரைத்தான் ஏற்றச் சொன்னாராம். அடைக்கலமேரி இடுப்பு முடிச்சிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்து, ஒன்பது என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். தன் பெயரைக் கடைசியில் எழுதினால் போதும், முதலில் கெங்கம்மா என்றார். குமாஸ்தா உள்ளே போய் வந்தார். உட்கார்ந்து கெங்கம்மாவில் தொடங்கினார். ஒவ்வொரு பெயராகக் கேட்டு, அப்பன் பெயரா புருஷன் பெயரா என்று கேட்டு, எட்டு வரிகள் எழுதி முடிக்க அரைமணி நேரமானது. வேலை என்ற இடத்தில் எட்டுப் பேருக்கும் பெயின்டர் என்று போட்டார்.

ஒன்பதாவது வரிக்கு வந்ததும் கேட்காமலே ஹெல்பர் என்று எழுதத் தொடங்கினார்.

"இன்னா எழுதற?"

"ஹெல்பர்."

"அத அடி. ஃபில்லர்னு போடு. பதினோரு வருசமா நான் அதத்தான் செஞ்சுகினு கீறேன்."

ஃபில்லர், அதாவது வாயு நிரப்புகிறவர் என்ற பதவியில் கம்பெனியில் பெண்ணே கிடையாது என்று குமாஸ்தா சொன்னார்.

"இன்னிக்குத் தேதி போட்டுக்கோ" என்றார் அடைக்கலமேரி. குமாஸ்தா தான் எழுதியதை அடித்துவிட்டு, தேதியைப் போட்டு, ஃபில்லர் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட அடைக்கலமேரியிடமே பேனாவைக் கொடுத்தார்.